நான் இன்னும் முடிக்கல

அந்த பிஸ்கட் ஃபேக்டரியில் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயரில்லை, குரலைப் பார்த்து வைத்தது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரே "என்ன சொன்னீங்க?" என்று காதைச் சாய்க்க வேண்டியிருக்கும். தரப் பரிசோதனைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கீழே தன் ஆய்வுக்கூடத்தில் அவள் சொன்னால் மறுபேச்சே கிடையாது. மாடியில் மீட்டிங் ரூமுக்குள் கால் வைத்துவிட்டால் போதும், வார்த்தைகள் தொண்டையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

புதிதாக ஒரு பால் பிஸ்கட் வரப் போகிறது. அதைச் சுடுகிற அதே பெல்ட்டில்தான் மற்ற நாட்களில் வேர்க்கடலை பிஸ்கட்டும் ஓடுகிறது. நடுவில் கழுவுகிறார்கள்தான். ஆனாலும் பால் பிஸ்கட் மாதிரிகளைச் சோதித்தபோது வேர்க்கடலையின் சுவடு இருந்தது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று தின்றால் மூச்சு முட்டிவிடும். அட்டையிலோ அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முதல் மீட்டிங்கில் அவள் வழக்கம்போல, "ஒரு சின்ன விஷயம் சார், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க…" என்று ஆரம்பித்தாள். அதற்குள் டீ வந்துவிட்டது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம் என்ற பேச்சில் விஷயம் கரைந்தது. அடுத்த வாரம் மறுபடி வாயைத் திறந்தாள். விற்பனை மேனேஜர் முந்திக்கொண்டார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'இடி' என்று பெயர். "மேடம் எப்பவும் இப்படித்தான், போன தடவை உப்பு கூடிப்போச்சுன்னு பயமுறுத்தினாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சுவும் சிரித்துவைத்தாள். தானும் கூடச் சிரித்ததுதான் வீட்டுக்கு வந்த பிறகும் அவளை அறுத்தது.

வீட்டில் அப்போது நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். வாலிபால் நடுவர் வேலை. ஊர் ஊராகப் போய் ஆறடி ஆண்களுக்கு நடுவே விசில் ஊதிவிட்டு வருகிறவள். பாத்திரம் கழுவிக்கொண்டே பஞ்சு கதையைச் சொல்ல, துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அண்ணி, நீங்க அவங்ககிட்ட தகவல் சொல்றீங்களா, தயவு கேக்கறீங்களா?"

"தகவல்தான்."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு? 'தப்பா எடுத்துக்காதீங்க, பந்து வெளியே போயிடுச்சோன்னு தோணுது'ன்னு நான் சொன்னா, என்னையில்ல மைதானத்துக்கு வெளியே தள்ளுவாங்க!"

"உனக்கென்னம்மா, கையில விசில் இருக்கு."

"விசிலுக்கு யாரும் நிக்க மாட்டாங்க அண்ணி. ஊதிட்டு நான் அசையாம நிக்கறேன் பாருங்க, அதுக்குத்தான் நிப்பாங்க. எங்க, சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்துல சொல்லுங்க."

பஞ்சு ஈரக் கையோடு நிமிர்ந்து நின்றாள். "இந்தப் பெட்டிகள் வெளியே போகக் கூடாது."

"எந்தப் பெட்டி?" என்று கணவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என் பெட்டியா? நான் எங்கேயும் போகலையே!" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த மீட்டிங் அன்று காலை மாடிப்படியில் கொள்முதல் பிரிவு அக்காவைப் பிடித்தாள். மீட்டிங்குக்கு வரும் இன்னொரு பெண் அவர் மட்டும்தான். "அக்கா, இன்னைக்கு நான் பேசப் போறேன். யாராவது நடுவுல வெட்டினா கொஞ்சம் துணைக்கு வாங்க."

"வெட்டட்டும், பார்த்துக்கலாம்" என்றார் அக்கா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு.

வழக்கமாகக் கதவோரம் உட்காருகிறவள் அன்று முதலாளிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். இடி லாரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியும்போது சரக்கு கிளம்பிவிடும் என்றார். அவர் மூச்சு விட்ட இடைவெளியில் பஞ்சு சொன்னாள்:

"இந்தப் பெட்டிகள் நாளைக்கு வெளியே போகக் கூடாது சார்."

குரல் அதே பஞ்சுதான். ஆனால் முன்னும் பின்னும் ஒட்டு எதுவும் இல்லாமல் வந்ததால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"மேடம், இதைத்தான் போன வாரமே பேசி முடிச்சாச்சே" என்று இடி கையை வீசினார். "லாரிக்காரன் எனக்காகக் காத்துட்டு…"

"நான் இன்னும் முடிக்கல."

கண்ணை முதலாளி முகத்திலிருந்து அவள் எடுக்கவில்லை. இடி வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொண்டார்.

அவள் சொன்னாள். சோதனையில் என்ன வந்தது, குழந்தைக்கு என்ன ஆகலாம், என்ன செய்யலாம் எல்லாவற்றையும் சொன்னாள். பெல்ட்டைப் பிரித்துக் கழுவ வேண்டும். அதுவரை சுட்டதற்கெல்லாம் அட்டையில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும்.

கணக்குப் பிரிவுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒரு யோசனை. அட்டையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா என்ன?"

"அதைத்தான் இப்ப அவங்க சொன்னாங்க" என்றார் அக்கா. "எப்படி ஒட்டறதுன்னும் அவங்களே சொல்லட்டும். ஸ்டிக்கருக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இவ்வளவு பெரிய விஷயத்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

நாக்கு நுனிவரை 'ஸாரி சார்' வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "முன்னாடி ரெண்டு தடவை சொன்னேன் சார்."

"சொன்னியா? நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"ஒரு தடவை டீக்குச் சர்க்கரை வேண்டாம்னு சொல்லிட்டிருந்தீங்க சார்."

முதலாளியே முதலில் சிரித்தார். அறை முழுக்க இறுக்கம் தளர்ந்தது. இந்த முறை சிரிப்பு அவளைப் பார்த்து வரவில்லை.

"லாரியை நிறுத்துங்க" என்றார் முதலாளி. "மேடம் சரின்னு சொன்ன பிறகு கிளம்பட்டும்."

அன்று மதியமே பெல்ட்டைப் பிரித்துப் போட்டார்கள். பேக்கிங் ஹாலில் பெட்டிகளைத் திறந்து ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினார்கள். பஞ்சு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது இடி வந்து பக்கத்தில் நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"எனக்குக் கோபம்தான் மேடம்" என்றார். "கடைக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணிக் கெஞ்சியிருக்கேன்."

"தெரியுது சார்."

"ஆனா கடைக்குப் போன சரக்கைத் திருப்பி வாங்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை. இனிமே இப்படி ஏதாவதுன்னா நேரா என்கிட்ட வந்து சொல்லுங்க."

"சொல்றேன். நீங்க முடிக்க விடணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "பார்க்கறேன்" என்றவர், ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தார். முதல் ஸ்டிக்கரே கோணல். பிரித்துத் திருப்பி ஒட்டச் சொன்னாள். ஒட்டினார்.

மறுநாள், கழுவிய பெல்ட்டில் சுட்ட புது மாதிரியில் சுவடு இல்லை என்று முடிவு வந்தபோது, பஞ்சு ஆய்வுக்கூட ஸ்டூலில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள். வாரக்கணக்கில் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. வெளியே முதல் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாய்ந்ததுதான் தெரியும். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தாள். போன் அடித்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க? என்ன ஆச்சு?"

"தூங்கிட்டேன்டி" என்றாள் பஞ்சு, வெட்கமும் சிரிப்புமாக. "கடைசி ஸ்டாப்புல நிக்கறேன். உங்க அண்ணனை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு. அப்புறம், இன்னைக்குச் சமையல் நீங்க ரெண்டு பேரும்தான். நான் கதை மட்டும் சொல்லுவேன்."