டிரஸ்ஸிங் அக்காவின் தையல்

பன்னெண்டு வருஷமா பிரசவ வார்டுல காயத்துக்குக் கட்டுப் போடுறவ நான். வார்டுல என் பேரே 'டிரஸ்ஸிங் அக்கா'. ஆபரேஷன்ல குழந்தை பெத்து வீட்டுக்குப் போற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "சோப்புப் போட்டுக் கை கழுவாம காயத்தைத் தொடாதே. சிவந்தா, சுட்டா, நீர் வடிஞ்சா, காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஓடி வா"ன்னு சொல்லித்தான் அனுப்புவேன். அப்படியும் சீழோட வந்து நிக்கிறவகிட்ட, "இத்தனை நாளா வீட்ல என்ன கிழிச்சே?"ன்னு கேட்பேன். கேட்கறதுல ஒரு தனி சுகம்.

அப்புறம் எனக்கே ஆபரேஷன். பொண்ணு பொறந்தா. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வயித்துல ஒட்டியிருந்த டிரஸ்ஸிங்கைப் பத்தாம் நாள் வார்டுலதான் பிரிக்கணும்.

வீட்ல எல்லாருமே டாக்டருங்க. காயத்தை ஃபோட்டோ எடுத்துத் தன் சித்தப்பாவுக்கு அனுப்பணும்னு என் வீட்டுக்காரர் ஒத்தைக்கால்ல நின்னார். சித்தப்பா என்ன சர்ஜனா? பஸ் டெப்போவுல டயர் மாத்தினவர். நாத்தனார் வாசனைப் பவுடர் டப்பாவோட வந்தா. தூவினா காயம் சீக்கிரம் ஆறுமாம். "உன் மூஞ்சிக்குப் போட்டுக்கோ தாயே"ன்னு அனுப்பி வச்சேன்.

மாமியாரைத்தான் பாடாப் படுத்தினேன். குழந்தையைத் தூக்க வந்தா "கை கழுவுனீங்களா அத்தை?" என்னை எழுப்பி உட்கார வைக்க வந்தா "நகத்துக்கு அடியில தேய்ச்சீங்களா அத்தை?" பாவம், மறுபேச்சு பேசாம திரும்பக் குழாயடிக்குப் போவாங்க.

அஞ்சாம் நாள் மதியம் எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. குழந்தைக்கு ஈரத்துணியை மாத்தினேன். அப்படியே எழுந்து கண்ணாடி முன்னாடி நின்னு டிரஸ்ஸிங் ஓரத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். நான் பார்க்காத காயமா? எனக்கு எதுக்கு சோப்பு? காயம் நல்லாத்தான் இருந்துச்சு. அழுத்தி ஒட்டிட்டேன். மறுநாளும் ரெண்டு தடவை பார்த்தேன்.

ஏழாம் நாள் ஓரம் சிவந்து, தொட்டா சுட்டுச்சு. உடம்பு அனலாக் கொதிச்சுது. ஊருக்கெல்லாம் ஓடி வரச் சொன்னவ ஓடினேனா? புது பிளாஸ்டரை எடுத்து மேல ஒட்டி மறைச்சேன். என் வார்டுல, என் கூட வேலை பார்க்கிறவங்க முன்னாடி, நான் சீழோட படுக்கிறதா? ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில விழுமாம் துள்ளி. விழுந்த பல்லியாவது கத்தும். நான் வாயே திறக்கலை. விஷம் ரத்தத்துல ஏறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? மடியில பொண்ணு பால் குடிச்சுட்டு இருந்தா. இவ தாயில்லாப் பிள்ளை ஆயிடுவாளோன்னு பயந்து பயந்து சும்மாவே இருந்தேன்.

எட்டாம் நாள் காலையில மாமியார் என்னை எழுப்ப முதுகுக்குக் கை கொடுத்தாங்க. கொடுத்த கையை எடுக்கலை.

"என்னம்மா, இப்படிச் சுடுது?"

"பால் கட்டியிருக்கு அத்தை. அதான்."

"இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஓடணும்னு வந்த நாள்லருந்து பாடுறது யாரு? எந்திரி."

வண்டியைப் பிடிச்சு, குழந்தையோட என்னையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வார்டுக்கு வந்துட்டாங்க.

டாக்டர் ஓரத்துல ரெண்டு தையலைப் பிரிச்சு சீழை எடுத்தார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உள்ள வரைக்கும் போயிருக்கும்"னார். ஊசி மருந்து, அஞ்சு நாள் படுக்கை. பொழைச்சேன்.

அன்னைக்கு டாக்டர் அந்தப் பக்கம் போனதும், நான் வேலை பழக்கின சின்ன நர்ஸ் பஞ்சை எடுத்துக்கிட்டே, "வீட்ல யாருக்கா கை கழுவாம தொட்டது?"ன்னு கேட்டா. அவ கண்ணு நேரா மாமியார் மேல போச்சு. நான் சொல்லிக் கொடுத்ததுதான் அது, எந்தக் காயம் கெட்டாலும் முதல்ல மாமியாரைப் பாருன்னு.

என் பக்கத்துல அழுதுட்டு இருந்த குழந்தையைத் தூக்க மாமியார் கையை நீட்டினாங்க. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிஞ்சு, வெடிச்சு, ரத்தம் உறைஞ்சிருந்துச்சு. சட்டுனு கையை இழுத்துக்கிட்டாங்க.

"இரும்மா, வண்டியில வந்த கை. கழுவிட்டு வந்துடுறேன்."

"நான்தான்டி தொட்டேன்"னு சின்ன நர்ஸ்கிட்ட சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கலை. குழாய்ல தண்ணி விழுற சத்தம்தான் கேட்டுச்சு.