அக்காவின் ‘சரி’

மார்ச் 12, புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். நர்சிங் மாணவியாக நான் பயிற்சி பெறும் வார்டில், இன்சுலின் போடும் முன் ஒருவர் நோயாளியின் பெயர், மருந்து, அளவு மூன்றையும் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். நான் படித்தேன். பக்கத்தில் நின்ற புது நர்ஸ் “சரி” என்றாள். நானோ ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

“போடுறியாம்மா, இல்ல சட்டைக் கையை இறக்கிக்கட்டுமா?” என்றார் கட்டிலில் இருந்த பெரியவர்.

அப்போதுதான் புரிந்தது. நான் காத்திருந்தது அக்காவின் ‘சரி’க்கு.

என் அக்கா இதே வார்டில்தான் நர்ஸ். எல்லோரையும் மறுபடி படிக்கவைப்பதால் ‘ரெண்டு தடவை’ என்று பட்டப்பெயர். அவள் கவனித்துவந்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். மருந்தில் பிழையே இல்லை என்று விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தன் கண்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. விடுப்பில் இருக்கிறாள். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை அலமாரியில் பிரிக்காமலே கிடக்கிறது. வீட்டில் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுக்கிறாள், ஆனாலும் எனக்கு அவளைத் தேடுகிறது. இதை இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை.

மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

“பாவம்டி அந்தப் பெரியவர்” என்றாள். உதடு லேசாக விரிந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

“மாத்திரைய ஏன்க்கா தொடவே இல்ல?”

“அட்டையைப் படிக்கிறேன். வேற மாத்திரையோன்னு தோணுது. திரும்பப் படிக்கிறேன், திரும்பவும் தோணுது. வச்சுடுறேன்.”

“என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“வார்டையே ரெண்டு தடவை படிக்கவச்சவ, எனக்குப் படிக்கத் தெரியலன்னு உன்கிட்ட வந்து நிக்கணுமா?”

நான் கை கழுவிக்கொண்டு வந்து மாத்திரை அட்டையை எடுத்தேன்.

“பேஷன்ட் பேரு சொல்லுங்க.”

“ஏய், என் பேரு உனக்குத் தெரியாதா?”

“பேஷன்ட் வாயால வரணும். நீ போட்ட சட்டம்தான்.”

முதல் நாள் டியூட்டிக்கு வந்தவள்போல் தயங்கித் தயங்கித் தன் பெயரைச் சொன்னாள். மருந்துச் சீட்டையும் அட்டையையும் அவள் முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தேன். அவள் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

“மறுபடி படி.”

படித்தேன். சமையலறையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது. அம்மாவும் அங்கிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள்போல.

“சரி” என்றாள் அக்கா.

விழுங்கும்போது தண்ணீர் முகவாயில் வழிந்தது. மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். வார்டுக்கு எப்போது வருவாய் என்ற கேள்வி என் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

நாளை: வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, அக்காவின் மாத்திரையை உரக்கப் படிக்க வேண்டும். இரண்டு தடவை.