காளியம்மாள் ஏர்லைன்ஸ்

‘குறைந்த கட்டண விமான நிறுவனம் ஒன்றின் தொழில்முறையும் வளர்ச்சியும் குறித்துப் பொதுமக்கள் கருத்து: சிட்டு ஏர் நிறுவனத்தை முன்வைத்து.’ இது என் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு புராஜெக்டின் தலைப்பு. தேர்ந்தெடுத்தது நானல்ல, பூர்ணிமா மேடம் சீட்டுக் குலுக்கினார். எனக்கு முன்னால் எடுத்தவனுக்கு மன்னார்குடி மக்களின் பற்பசை விருப்பம் வந்தது. ஒரே மதியத்தில் முடித்துவிட்டான். எனக்கும் நூறு பேர் வேண்டும். விமானம் ஏறியவர்களுக்கு எங்கே போவாய் என்று மேடமே வருத்தப்பட்டார்.

மேடம் திருச்சிக்காரர், எங்கள் ஊரைப் பற்றித் தெரியாது. இங்கே வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ கத்தாரிலோ இருக்கிறார். மூன்றே நாளில் அறுபத்தொரு பேர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அதில் ஐம்பத்து நான்கு பேர் சிட்டு ஏர் நடத்துவது பகல் கொள்ளை என்றார்கள். ‘அடுத்த முறை எதில் போவீர்கள்?’ என்ற கேள்விக்கு அதே ஐம்பத்து நான்கு பேரில் ஐம்பத்து மூன்று பேர் சிட்டு ஏர் என்று எழுதினார்கள். மீதி ஒருவர் வீரையன் பெரியப்பா. அவர் இனி எங்கும் போவதாக இல்லை.

“எழுதிக்க டேவிட்சா. தண்ணி பாட்டில் நூறு ரூவா. ஏழு கிலோவுக்கு மேல இருக்குன்னு அத்தன பேருக்கு முன்னாடி நிக்கவச்சு, உங்க பெரியம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாயை எடை போட்டான். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் பெரியப்பா. டிக்கெட் எவ்ளோ?”

“அது கம்மிதான்.”

“அதையும் எழுதிக்கவா?”

“அதை ஏன்டா எழுதுற?”

அறுபத்திரண்டாவது ஆளாகக் காளியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நெல் அறுக்கும் பெல்ட் வண்டி படுதா போர்த்தி நின்றது. சக்கரத்துக்குப் பதில் டாங்கிபோலப் பட்டை ஓடும் வண்டி. சேற்று வயலிலும் இறங்கும். அக்காவின் கணவர் தமிழ்மாறன் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். அவர் மூன்று வருஷம் அனுப்பியதைச் சேர்த்து அக்கா அதைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தார். போன சம்பா அறுவடையில் மொத்தமே நாற்பது மணி நேரம்தான் ஓடியது. இந்தத் தையில் இருநூறு மணி நேரமாவது ஓடாவிட்டால் விற்றுவிடலாம் என்று தமிழ்மாறன் அண்ணன் சொல்லிவிட்டார். அக்காவும் சரி என்றுவிட்டார். சொன்ன நாளிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

வாங்க ஆள் தயாராக இருந்தார். நான் போனபோது படுதாவைத் தூக்கி, பெல்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வட்டாரத்துக்கே அறுப்பு வண்டி புரோக்கர் இளையபெருமாள். அவருக்குச் சொந்தமாக நான்கு வண்டி, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரவழைப்பது எட்டு.

“என்னா தம்பி, நீயும் வண்டி பாக்க வந்தியா?”

“இல்லீங்க. விமானம் சம்பந்தமா வந்தேன்.”

“அப்ப இங்க என்னா வேலை? இது பறக்காது. நகரவே மாட்டேங்குது.” சிரித்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். “தை முடியட்டும்மா. நான் எங்க போயிடப் போறேன்.”

அவர் போனதும் அக்கா என் படிவத்தை வாங்கினார். மற்ற அறுபத்தொரு பேரும் நேராகக் கேள்விக்குப் போனார்கள். அக்கா மட்டும்தான் முதல் பக்கத்தைப் படித்தார். சிட்டு ஏரின் தொழில்முறையை நான் விளக்கியிருந்த பக்கம் அது.

“‘தரையில் நிற்கும் விமானம் செலவு. பறக்கும் விமானமே வரவு.’ இது நீ எழுதுனதா?”

“நெட்டுல எடுத்தேங்க்கா.”

“அதானே பாத்தேன்.” படுதாவை ஒரு பார்வை பார்த்தார். “முன்கூட்டியே டிக்கெட் எடுத்தா ஏன் கொறைக்கிறான்?”

“எத்தனை பேரு, எங்க போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா பிளேன் காலியாப் போவாது. இறங்குன இருபத்தஞ்சு நிமிஷத்துல திரும்ப ஏறிடலாம்.”

“போன வருஷம் இங்க ஒரு ஏக்கர், கொல்லைத்தெருவுல ஒரு ஏக்கர்னு கூப்புட்டாங்க. ஒரு மணி நேரம் அறுக்க ரெண்டு மணி நேரம் ரோட்டுல ஊர்ந்தேன். பெல்ட்டு தேஞ்சதுதான் மிச்சம். அப்ப நான் காலிப் பிளேன ஓட்டியிருக்கேன்.”

அன்று மாலைவரை அக்கா கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட மேடம் என்னிடம் கேட்டதில்லை. நடுவில் என் படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மன்னார்குடி ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையிலுள்ள மேலக்கட்டளை வயல்களை வரைந்தார். நாற்பத்திரண்டு ஏக்கர், இருபத்தொன்பது பேருடையது. ரோட்டோர வயல் அறுபட்டால்தான் உள்வயலுக்கு வண்டி போக முடியும். யாருடையது முதலில் என்று வருஷா வருஷம் வரப்பில் சண்டை நடக்கும்; அறுவடை அப்புறம்தான் நடக்கும். அக்கா ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நம்பர் போட்டார். விமானத்தில் சீட்டு நம்பர் போடுவதுபோல என்றார். அவர் விமானம் ஏறியதில்லை.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவிப்பை அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற வரி மட்டும் என்னுடையது. பொங்கலுக்குள் பெயர் கொடுத்தால் மணிக்கு இரண்டாயிரத்து நூறு. பொங்கலுக்குப் பிறகு இரண்டாயிரத்து ஐந்நூறு. அறுப்பு நடக்கும்போது வரப்பில் வந்து நின்று கேட்டால் மூவாயிரத்து இருநூறு, அதுவும் நேரம் இருந்தால். வண்டி நம்பர் வரிசையில்தான் போகும். தொட்டி நிறையும்போது நெல் பிடிக்க டிராக்டர் வரவில்லையென்றால் வரப்போரம் படுதாவில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். டிரைவருக்கு யாரும் சோறு போடக் கூடாது.

கடைசி விதிதான் ஊரைக் கொதிக்க வைத்தது. மறுநாள் காலை டீக்கடையில் உட்கார இடமில்லை.

“சோறு போடக் கூடாதுன்னா என்னா ரூலு இது? வெரா மீன் கொழம்பு வச்சாத்தான் டிரைவரு நம்ம வயல்ல அடியொட்ட அறுப்பான்!”

“அதுக்குத்தான் போடாதங்குது. போன வருஷம் உன் கொழம்பைத் தின்னுட்டு உன் வயல்லயே ரெண்டு மணி நேரம் படுத்துக் கெடந்தான். நான் வரப்புல காஞ்சேன்.”

“முன்னாடி சொன்னா ஒரு ரேட்டு, பின்னாடி சொன்னா ஒரு ரேட்டு. நெல்லு ஒண்ணுதானே?” வீரையன் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். “ஊறுகாய எடை போட்டவனும் இவளும் ஒரே கூட்டம். காளியம்மா ஏர்லைன்ஸ்! நான் ஏற மாட்டேன்.”

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். காலையில் வைதவர்களின் பட்டியல் ஒன்று, மாலையில் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நகல் எடுத்ததுபோல இருந்தது. பெரியப்பா இருட்டுகிற நேரமாகப் பார்த்து வந்து, பெரியம்மா பெயரில் பதிவு செய்துகொண்டார்.

பொங்கலுக்கு முதல் நாள் இருபத்தெட்டுப் பெயர் சேர்ந்துவிட்டது. சேராத ஒருவர் இளையபெருமாள். மேலக்கட்டளைக்கு நட்டநடுவில் இருக்கும் பதினேழாம் நம்பர் அவருடைய இரண்டு ஏக்கர்.

“பன்னெண்டு வண்டிய வச்சிக்கிட்டு இருக்கறவன் ஒத்த வண்டிக்கு வரிசையில நிக்கணுமா?” என்று டீக்கடையில் கேட்டார். “பாத்துக்கிட்டே இருங்க. மூணாவது வயல்ல பெல்ட்டு அறுந்துரும். அப்புறம் எல்லாரும் எங்கிட்டதான் வரணும்.”

அவர் சொன்னதைக் கேட்டு அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை என்று அக்காவின் மகள் சொன்னாள். பெல்ட் பழையதுதான்.

தை ஏழாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு வண்டி ஒன்றாம் நம்பரில் இறங்கியது. ஓட்டியவர் ராஜ்குமார் அண்ணன். மடியில் சொந்தச் சாப்பாட்டுத் தூக்கு. வரப்பில் அக்கா வரைபடத்தோடு நின்றார். என்னிடம் செல்போனும் டிராக்டர்களை வரிசையில் நிறுத்தும் பொறுப்பும் இருந்தன. மூன்றாவது வயலில் ஊரே பெல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது அறுபடவில்லை. நான்காவதில் ஒருவர் டிராக்டரைக் கொண்டுவராமல் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய நெல் வரப்போரப் படுதாவில் கிடந்தது. வண்டி ஐந்தாம் நம்பரில் இருந்தது. அவர் கத்தினார். அதற்குப் பிறகு யாரும் டீ குடிக்கப் போகவில்லை. எட்டாம் நம்பர்க்காரர் மறுநாள் விடியற்காலையிலேயே டிராக்டரைக் கொண்டுவந்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை மாலை வானிலை அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை பிற்பகலிலிருந்து டெல்டா மாவட்டங்களில் கனமழை. முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் நெல் முளைத்துவிடும். வட்டாரமே வண்டி தேடி ஓடியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம், இப்போதே வா என்றார்கள்.

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். இருநூறு மணி நேரம் வேண்டும். இதுவரை இருபத்துநான்குதான் ஆகியிருந்தது.

“வரிசை முடியாம வண்டி வெளில போவாதுன்னு சொல்லு” என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நாற்பது ஏக்கர் முடிந்தது. அறுத்த வயல்களுக்கு நடுவில் பதினேழாம் நம்பர் மட்டும் மஞ்சளாக, தீவுபோல நின்றது. தெற்கே வானம் கறுத்திருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழக்கட்டளைக்காரர்கள் ஆறு பேர், அடுத்த வரிசைக்குப் பதிவு செய்தவர்கள், டிராக்டரோடு காத்திருந்தார்கள்.

அப்போது இளையபெருமாள் வரப்பில் வந்தார். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். அவருடைய வண்டி ஒன்று மயிலாடுதுறைப் பக்கம் பெல்ட் அறுந்து கிடந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் போன நான்கை, தங்கள் வயல் முடியாமல் விடமாட்டோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவை எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

“காளியம்மா, ரெண்டே ஏக்கர்தான். வழியிலதான இருக்கு. ஒரு ஓட்டு ஓட்டிட்டுப் போயிடச் சொல்லு.”

“லிஸ்ட்ல உங்க பேரு இல்லியேண்ணே.”

“நமக்குள்ள என்னாம்மா லிஸ்ட்டு?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அறிவிப்பை எடுத்து மூன்றாவது வரியைப் படித்தேன். மூவாயிரத்து இருநூறு.

“இது அநியாயம்! பொதுமக்களைக் கேளு, என்னா சொல்றாங்கன்னு!” என்று இளையபெருமாள் வரப்பில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

பொதுமக்கள் கருத்தை அறிய எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைந்ததில்லை.

“ரூலுன்னா ரூலு!” முதல் குரல் வீரையன் பெரியப்பாவுடையது. “மூவாயிரத்து எரநூறு! ஒத்த ரூவா கொறைக்காத காளியம்மா!”

“ஆமா, கொறைச்சா நாங்க முன்னாடி பேரு கொடுத்ததுக்கு என்னா மரியாதை?”

“பெரியப்பா, அன்னிக்கு இதைக் கொள்ளைன்னீங்க. எழுதி வச்சிருக்கேன்” என்றேன்.

“எனக்கு வாங்குனா கொள்ளைடா. அவருக்கு வாங்குனா நிர்வாகம்.”

அதையும் எழுதிக்கொண்டேன்.

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போன் போட்டார். “ரெண்டு மணி நேரம் லேட்டாவும். அவருகிட்ட கூடுதலா வாங்குறத உங்க ஆறு பேரு ரேட்டுல கழிச்சிடுறேன். சரின்னா அறுக்குறேன், வேண்டான்னா இப்பவே வர்றேன்.” அங்கிருந்து வந்த பதில் போன் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. சரியாம்.

இளையபெருமாள் இரண்டு போனையும் பைக்குள் வைத்தார். “சரி, போட்டுக்க” என்றார்.

ராஜ்குமார் அண்ணன் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் பதினேழில் இறங்கினார். அந்த இரண்டு ஏக்கரை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் தீவு சுருங்கியது. ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் கடைசிக் கதிர் உள்ளே போனதும் வரப்பில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். இளையபெருமாளும் தட்டினார், எதற்குத் தட்டுகிறோம் என்று பாதியில் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். வண்டி மதகைத் தாண்டிக் கீழக்கட்டளைக்குப் போய், பதிவு செய்த ஆறு வயலையும் முடித்தது. அந்த ஆறாவது வயலின் நெல்லுக்குப் படுதா கட்டும்போதுதான் முதல் துளி விழுந்தது. அறிவிப்பு பிற்பகல் என்றது. மழை ஆறரைக்குத்தான் வந்தது. சிட்டு ஏர் மட்டுமல்ல, மேகமும் தாமதமாக வரலாம்.

மழை விட்டு, தரை இறுகியதும் ஏழு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. அவரவர் ஊர் வயலை வரைந்து, நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தார்கள். ஒரே வரப்புக்காக இரண்டு தலைமுறையாகக் கோர்ட்டில் நிற்கும் பங்காளிகள் இருவர், ஐந்தும் ஆறும் தங்களுடையது என்று சேர்ந்தே வந்து சொன்னார்கள். தை இருபத்தெட்டாம் தேதி மதியம் வண்டியின் மீட்டரில் இந்தத் தையின் கணக்கு இருநூறு மணி நேரத்தைத் தாண்டியது. அப்போது அக்கா வரப்பில் நின்று டிராக்டர்க்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. தமிழ்மாறன் அண்ணன் அன்று மாலை போன் செய்தார்.

“என்னா, வித்துடலாமா?”

“எதை?” என்றார் அக்கா.

என் புராஜெக்டுக்கு மேடம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டார். முதல் பக்கப் படத்தில் விமானத்துக்குப் பதிலாக ஏன் ஒரு பெல்ட் வண்டி நிற்கிறது என்று மட்டும் கேட்டார். நிற்கவில்லை மேடம், ஓடுகிறது என்றேன்.

மாசி பிறந்த அன்று காலையில் இளையபெருமாள் அக்கா வீட்டுக்கு வந்தார். இந்த முறை படுதாவைத் தூக்கிப் பார்க்கவில்லை. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டார்.

“கடைமடையில இன்னும் நூத்தம்பது ஏக்கர் நிக்குது. எல்லாரும் உன் லிஸ்ட்டுலதான் சேருவேங்குறாங்க. உன் ஒத்த வண்டி போதாது. என் சொந்த வண்டி நாலையும் உன் வரிசையில விட்டுடுறேன், என்னா சொல்ற?”

அக்கா அவருக்கு டீ வைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் சொன்னார்.

“உங்க நாலுல ரெண்டு டயர் வண்டிண்ணே. அது வேண்டாம். சிட்டு ஏர்ல எல்லாம் ஒரே மாதிரி பிளேனுதான். அப்பதான் ஒரே மெக்கானிக், ஒரே சாமான். பெல்ட்டு வண்டி ரெண்டை மட்டும் எடுத்துக்கறேன்.”

இளையபெருமாள் என்னை முறைத்தார். “நீதான இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?”

“நான் கருத்துதாங்க கேட்டேன்.”

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மதகுக்கிட்ட நிக்கணும்ணே” என்றார் அக்கா. “ஆறு அஞ்சுக்கு வந்தா அடுத்த தையிலதான்.”

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே இரண்டு பெல்ட் வண்டிகளும் மதகடியில் நின்றன. முதல் வண்டியில் இளையபெருமாளே உட்கார்ந்திருந்தார், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு.