நாற்பது மீன்கள்

கலை உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: மச்சானின் பீங்கான் பட்டறையில் பதினோரு வருடம் களிமண் பிசைந்த மாப்பிள்ளை, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓவியர் ஆனார்.

மூன்று மாத நச்சரிப்பில் மச்சான் இறங்கி வந்து, ஓட்டலுக்குப் போகவேண்டிய நாற்பது தட்டுகளைக் கொடுத்திருந்தார். "ஓட்டல்காரருக்குப் பிடிச்சா இனிமே படம் உங்க வேலை மாப்பிள்ளை. இல்லேன்னா பழையபடி மண்ணு."

தட்டுக்கு ஒரு மீன். ஒருமுறை மட்டும் சுட்ட தட்டு ஈரத்துக்கு ஏங்கிக் கிடக்கும். தூரிகை பட்டதும் சாயத்தைக் குடித்துவிடும். அழிக்க வழியில்லை. பத்தாவது மீனில் ஓவியருக்கு வாய் அடங்கியது. இருபதாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாலை ஒரே இழுப்பில் போட வந்தது. உள்ளதைச் சொன்னால், முப்பதுக்கு மேல் மீன்கள் நன்றாகவே இருந்தன. தேநீர் ஆறியதுகூடத் தெரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வெளுப்பா இருக்குங்க. கொஞ்சம் நீலம் போடக் கூடாதா?" என்றாள் மனைவி.

"நீலம் ஊரே போடுதுடி. மஞ்சளும் ரோஸும்தான் நுட்பம்."

மூலையில் இரண்டு வாளி கிளேஸ், தட்டுக்குப் பளபளப்பு தரும் மேல்பூச்சு. சுட்டால் ஒன்று கண்ணாடியாய்த் தெளியும், மற்றது கெட்டி வெள்ளையாகும். வாளியில் பார்த்தால் இரண்டும் ஒரே பால் நிறம்தான்.

"ஏங்க, ஒரு உடைஞ்ச துண்டை முக்கிச் சுட்டுப் பாத்துடுவோமே."

"பதினோரு வருஷமா இந்த வாளியத் தூக்கிட்டு அலையறேன். எனக்கேவா?"

முக்கினார். மீன்கள் வெள்ளைக்குள் மூழ்கின. அது வழக்கம்தான், சூட்டில் மேலே வந்துவிடும்.

சூளை ஆறியதும் திறந்தார்கள். நாற்பது தட்டும் பல் துலக்கியதுபோல் பளீரென்று இருந்தன. மீன் இல்லை. செதில்கூட இல்லை.

மச்சான் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். மனைவி ஒரு தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்து, "இங்க லேசா ஒரு வால் தெரியுதுங்க" என்றாள். தெரியவில்லை. இருந்தாலும் கேட்டார்: "எந்தப் பக்கம்?"

அதற்குள் ஓட்டல்காரர் வந்துவிட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம்! படம் கிடம் போட்டுக் கெடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டே வந்தேன்."

அடுத்த வாரத்துக்கு இதே மாதிரி இன்னும் எண்பது கேட்டார்.