முதுகு மட்டும் தெரிந்த படம்

யானிபா சினிமா கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட கோடையில், கற்றுக்கொடுத்த பல்கலைக்கழகப் பேராசிரியர் அவளை ஓயாமல் கேட்டது ஒன்றுதான்: "முகம் எங்கே?" புருஷன் யுரேனியச் சுரங்கத்துக்கு நடந்து போவதை அவள் ஒரு சுருள் முழுக்க எடுத்திருந்தாள். அத்தனையும் முதுகு.

"ஒருத்தர் மூஞ்சிய முறைச்சுப் பாக்குறதே மரியாதையில்ல. இதுல கேமராவ வேற நீட்டணுமாக்கும்?" என்றாள்.

மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குறிப்பேட்டில் எழுதித் தள்ளினார். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்கள் உலகத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று வெளியே சொல்வதுதானே அவர் பிழைப்பு.

மூன்றே வருடத்தில் புருஷன் ரத்தமாகத் துப்பிச் செத்தான். அதன்பின் அவன் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. பெயரைச் சொன்னாலோ உருவத்தைப் பார்த்தாலோ செத்தவர் ஆவி திரும்பி வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. துணிமணி, சேணம் எல்லாம் அவனோடு போயின. சுருள் மட்டும் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தது. சுரங்கக் கம்பெனியோ, அவன் எங்கள் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை என்று சாதித்தது. இறங்கினான் என்று நிரூபித்தால் அரசாங்க விசாரணை அதிகாரி சுரங்கத்தை மூடச் சொல்வார். அவள் தம்பி ஹோஸ்கி இன்னும் அங்கேதான் வேலை பார்த்தான். அவனுக்கும் இருமல் தொடங்கியிருந்தது.

"அந்தப் படத்த வரவழைக்கப் போறேன்."

"போனவரத் திரும்பக் கூப்புடுவியா? உனக்கென்ன கிறுக்கா அக்கா?"

"நீயும் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது? வாய மூடிக்கிட்டு வா."

ஊர்க் கூடத்தின் ஜன்னல்களைப் போர்வைகளால் மறைத்தார்கள். அவள் புருஷனோடு வேலை செய்த இருபது பேர் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அந்த நடை வந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து, வலது தோளைச் சாய்த்து, கம்பெனிப் பலகையைத் தாண்டி, சுரங்கத்துக்குள் குனிந்தது.

நாற்காலிகள் நகர்ந்தன. தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஹோஸ்கியும் போனான். யானிபாவுக்கு உள்ளே சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

போர்வைகளை எடுத்தார்கள். "இது யாருன்னே தெரியலையேம்மா" என்றார் அதிகாரி.

"எந்திரிச்சுப் போனாங்களே, பாக்கலையா? யாருன்னு தெரிஞ்சுதானே ஓடுறாங்க!"

"போனவங்க ஒண்ணும் சொல்லலையே."

அவள் புருஷன் பெயரைக் கூடமே அதிரச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். மனைவி சொல் மட்டும் போதாது என்றார் அதிகாரி. பார்த்தவர் எவரும் அடையாளம் காட்டவில்லை என்று எழுதி விசாரணையை மூடினார்.

திங்கட்கிழமை காலை ஹோஸ்கி அவளிடம் பேசாமலே சுரங்கத்துக்குக் கிளம்பினான். வளைவில் மறையும்வரை யானிபா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.