ஷோவா முதலாம் ஆண்டு நவம்பர்

ஷோவா 12, பிப்ரவரி 18.

இன்று ஒரு தாளைப் பாழாக்கினேன். குதிரைப்படையில் இளநிலை அதிகாரியாகத் தொடங்கி மேஜர் ஜெனரலாக உயர்ந்த குசுஹாராவின் பணிப்பதிவை, அவரது அடுத்த பதவி உயர்வுக்காக நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அதிலுள்ள அவரது ஓர் அறிக்கையின் தேதியை 'ஷோவா முதலாம் ஆண்டு, நவம்பர் 9' என்று எழுதிவிட்டேன். அப்படியொரு நவம்பரே கிடையாது. பழைய பேரரசர் இறந்த டிசம்பர் 25 அன்றுதான் புதியவரின் ஷோவா ஆண்டுக்கணக்கு பிறந்தது. டிசம்பரோடு முடிந்த முதலாம் ஆண்டுக்கு ஏழே நாள் ஆயுள். அந்த நவம்பரில் எல்லோரும் பழையவரின் கணக்கில் தைஷோ 15 என்றுதான் எழுதினார்கள்.

மாலை வகுப்பின் களைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு மூலத்தைப் பார்த்தேன். அதிலும் ஷோவாதான். மூன்று முறை பார்த்தேன்.

அப்படியானால் அறிக்கை அந்த டிசம்பருக்குப் பிற்பாடு எழுதப்பட்டு, முந்தைய தேதி இடப்பட்டது. லெப்டினன்ட் தொகிதா உத்தரவில்லாமல் வெள்ளத்தில் குதிரைகளை இறக்கினார், இரண்டு வீரர்கள் மூழ்கினார்கள் என்கிறது அது. அதனால் தொகிதா படையிலிருந்து நீக்கப்பட்டார். உத்தரவிட்டவர் குசுஹாராவே என்று அவர் அனுப்பிய மூன்று மனுக்களும் இந்த ஒரு தாளால் தள்ளுபடியாயின. நான்காவது இப்போது ராணுவ அமைச்சகத்தில் இருக்கிறது. அதையும் இந்தப் பதிவையும் ஒரே குழுதான் படிக்கும்.

எங்கள் பதிவு அலுவலகப் பிரிவுத் தலைவர் இனோகுமாவிடம் தாளைக் கொண்டுபோனேன்.

"ஐயா, இந்தத் தேதி..."

பார்த்த வேகத்தில் கவிழ்த்து வைத்தார். "கை தவறியிருக்கும்ப்பா. தைஷோ பதினஞ்சுன்னு மாத்தி எழுதிடு."

"மூலத்துல இருக்கறத நான் எப்படி..."

"ஏன், ராத்திரிப் பள்ளிக்கூடத்துல ஜெனரலுக்கே பாடம் எடுக்கச் சொல்லிக் குடுக்கறாங்களா?" சிரித்தபடியே கேட்டார்: "இத வேற யார்கிட்ட காட்டின, செதோ?"

"யார்கிட்டயும் இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. இந்தா, டீயக் குடி. ஆறிடும்."

இதுவரை அவர் எனக்குத் தேநீர் ஊற்றியதில்லை.

அறிக்கையில் 'குதிரை' என்பதைக் குறிக்கும் சித்திர எழுத்தின் அடியிலுள்ள நான்கு புள்ளிகளும் ஒரே கோடாக இழுக்கப்பட்டிருக்கின்றன. இனோகுமாவும் அப்படித்தான் எழுதுவார். அப்போது அவர் குசுஹாராவின் எழுத்தர் என்று அந்த ஆண்டின் படைப் பெயர்ப்பட்டியல் சொல்கிறது. ஆனால் அவசரத்தில் நானும் அப்படி எழுதுவதுண்டு. கையெழுத்து விஷயத்தில் நான் தவறாக இருக்கலாம். தேதியில் தவற வழியில்லை. அதைத் திருத்தினால் தொகிதாவுக்கு இருக்கும் ஒரே சாட்சியை அழிப்பவன் நானாவேன். திருத்தாவிட்டால் வேலை போகலாம்.

நாளை: ஏழு மணிக்கே அலுவலகம் போக வேண்டும். தேதியை உள்ளபடியே எழுதி, ஓரத்தில் 'மூலத்தில் இவ்வாறே' என்று குறித்து, என் முத்திரையை இட்டு, இனோகுமா வருமுன் நகலை அமைச்சகத் தபால் பையில் போட வேண்டும்.