சூடம் ஏற்றிக் கொடுத்த வண்டி

திருச்சி ரோட்டில் இருக்கும் எங்கள் சர்வீஸ் சென்டரில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, டீசல் வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டு, "வண்டியைக் கொண்டு வாங்க சார், ஒரு சாஃப்ட்வேர் மாத்தணும், பைசா செலவில்ல" என்று சொல்வது. சொன்ன உடனே அந்தப் பக்கம் திட்டு ஆரம்பிக்கும். திட்டி ஓய்ந்ததும் நான், "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி சார்" என்று முடிக்க வேண்டும். அந்த வரியும் கம்பெனி எழுதிக் கொடுத்ததுதான்.

எங்கள் கம்பெனி டீசல் வண்டிகளில் ஒரு தில்லுமுல்லு செய்திருந்தது. புகைப் பரிசோதனைக்கு ஏற்றினால் வண்டிக்கே அது தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் நல்ல பிள்ளையாகப் புகையை அடக்கிக்கொள்ளும். ரோட்டில் இறங்கியதும் பழையபடி கக்கும். வெளிநாட்டில் யாரோ அளந்து பார்த்துக் கண்டுபிடித்து, டிவியில் எல்லாம் வந்து நாறிவிட்டது. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் கேமரா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் ஒரு தடவை கேட்டதோடு சரி. நான் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டிக்காரர்களுக்குப் புகையைப் பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. சாஃப்ட்வேரை மாற்றினால் இழுவை குறையுமா, மைலேஜ் விழுமா, இதுதான் எல்லோருக்கும் கேள்வி. "எந்த மாற்றமும் இருக்காது சார்" என்று அதற்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. மாற்றிக்கொண்டு போனவர்களில் சிலர் வண்டி செத்துப்போச்சு என்றார்கள், சிலர் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மேனேஜர் ஆனந்த் சாரிடம் போய்க் கேட்டேன். "எழுதியிருக்கிறத வாசிம்மா சிவரஞ்சனி. நீ என்ன இன்ஜினியரா?" என்றார். அவரும் இன்ஜினியர் இல்லை.

வரும் வண்டிகளின் எண்ணிக்கை இந்த மாதமும் குறைந்தால் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. நான் கான்ட்ராக்ட்.

கறம்பக்குடி சோலையப்பனுக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று கணக்கே இல்லை. குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். காலமெல்லாம் அடுத்தவன் காரை ஓட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து தனக்கென்று வாங்கிய ஒரே வண்டி இது. அவருக்கு டெலிவரி கொடுத்த அன்றைக்கு நான் ஷோரூமில் இருந்தேன். சூடத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றதே நான்தான்.

"சார், நான் சர்வீஸ் சென்டர்லேருந்து..."

"இன்னும் என்னத்தா சாரு மோருன்னுக்கிட்டு? நானும் ஒங்கப்பாவும் ஒரே பள்ளிக்கூடம். சித்தப்பான்னு சொல்லு."

"சித்தப்பா, வண்டியக் கொண்டு வாங்களேன்."

"வாரேன், வாரேன்" என்பார். வர மாட்டார்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார்.

"மாத்துனா இழுவ குறையாதுன்னு சொல்றியேத்தா, நெசமாவா?"

"எந்த மாற்றமும் இருக்காது சித்தப்பா."

"இங்கிட்டு வா."

புது வண்டி டெலிவரி கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் பிள்ளையார் படம், கீழே சின்ன மேடை. காலையில் யாரோ வண்டி எடுத்திருக்கிறார்கள். நசுங்கிய எலுமிச்சம்பழம் தரையில் கிடந்தது.

"இந்த எடத்துலதான சூடம் ஏத்திச் சாவியக் கொடுத்தீங்க?"

"ஆமா சித்தப்பா. அது பூசை."

"ஒங்களுக்குப் பூசை. எங்கூர்ல சாமிக்கு முன்னாடி சூடம் ஏத்தி ஒண்ணக் கையில கொடுத்தா அது சத்தியம். கம்பெனிக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுக்குறான்னுதான் நெனச்சு வாங்குனேன். வீட்டுலயும் போய் அப்படித்தான் சொன்னேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும் வரப்புத் தகராறு என்றாலும் கடைசியில் கருப்பர் கோயிலுக்குத்தான் போவார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய் சொன்னவன் கையை நீட்ட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஷோரூமிலோ கீழராஜ வீதிக் கடையில் டிஷ்யூ பேப்பர் வாங்கும்போது கூடவே சூடத்தையும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவார்கள். அந்தச் சூடத்தை இந்த மனுஷன் இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறார்.

மேடையில் இருந்த தட்டை எடுத்து, ஒரு கட்டியை வைத்து, அவரே கொளுத்தினார்.

"கம்பெனிக்காரன் இங்க வர மாட்டான். நீதான் இருக்க. இழுவ குறையாதுன்னு சொல்லி அணை. அணைச்சியன்னா இந்தா சாவி, ஒரு வார்த்த பேச மாட்டேன்."

வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள் இருந்து ஆனந்த் சார், ம், சட்டுபுட்டுன்னு முடி என்று கையைக் காட்டினார். அணைத்தால் ஒரு வண்டி கணக்கில் ஏறும். கையைக்கூடத் தூக்கிவிட்டேன். சாமி பயம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எவனோ செய்ததற்கு என் கை எதற்குச் சுட வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

"எனக்குத் தெரியாது சித்தப்பா. குறையலாம், குறையாமலும் இருக்கலாம். எழுதிக் கொடுத்தத வாசிக்கிறேன், அவ்வளவுதான். என்னால அணைக்க முடியாது."

சூடம் தானாக எரிந்து அடங்கியது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது. கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தக் கம்பெனியிலேருந்து மொதமொதல்ல ஒரு உண்மை வந்திருக்கு. போட்டு விடுத்தா."

அதற்குப் பிறகு உட்கார்ந்தார். டீயும் குடித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆனந்த் சார் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பர்மா, பசங்க சொன்னாங்க. 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்ன பாரு, அது பிரமாதமா வேலை செய்யுது. சென்னை ஆபீஸ்ல சொன்னேன், அவங்களுக்கும் புடிச்சுப்போச்சு. இனிமே எல்லாருக்கும் அப்படியே ஆரம்பிச்சிடு."

"சார், எனக்கு நெஜமாவே தெரியாது. அதனாலதான் சொன்னேன்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். அந்த நெஜம்தான் கஸ்டமருக்குப் புடிக்குது."

என் மேஜையில் புதுத் தாள் இருந்தது. 'உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் முழுமையாகத் தெரியாது சார்' என்று தொடங்கியது. பக்கத்தில் ஒரு டப்பா சூடம், ஒரு தீப்பெட்டி. நேரில் வந்து கேட்பவர்களுக்காம். பார்த்ததும் காது வரைக்கும் சுட்டது. தூக்கி வீசியிருக்கலாம். வீசவில்லை. வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு தாளை எடுத்தேன்.

வாசித்தேன். முதல் ஆள் திட்டுவதை நிறுத்திவிட்டு, "ம்... சரிம்மா, கொண்டு வாரேன்" என்றார். இரண்டாவது ஆளும் சரி என்றார். போகப் போக, எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டுமோ அங்கே அதுவாக இறங்கியது. சோதனைக்கு ஏற்றினால் மட்டும் ஒழுங்காக மூச்சு விடும் எங்கள் வண்டியும் இப்படித்தான் பழகியிருக்கும். ஒவ்வொரு போனையும் வைத்த பிறகு தண்ணீர் குடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் சோலையப்பன் கூப்பிட்டார்.

"இழுவ கொஞ்சம் கொறஞ்ச மாதிரித்தான் இருக்குத்தா. ஆலங்குடி ரோட்டுல ஒரு லாரியத் தாண்டணும்னா கியரக் கொறைக்க வேண்டியிருக்கு. ஒம்மேல கோவமில்ல, நீதான் முன்னாடியே சொல்லிட்டியே. நம்ம மச்சான் ராசுவும் இதே வண்டிதான் வச்சிருக்கான். மாத்தவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னான். ஒன்னையப் பத்திச் சொன்னேன், கொண்டாரேங்குறான்."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"சித்தப்பா, அவுக வரட்டும், வராமப் போகட்டும். ஆனா என்னைய நம்பி வர வேணாம்னு சொல்லுங்க. அன்னைக்கு ஒங்ககிட்ட மனசுலேருந்துதான் சொன்னேன். இப்ப அதையே எழுதிக் கொடுத்து எல்லார்கிட்டயும் வாசிக்கச் சொல்றாக. நானும் வாசிக்கிறேன்."

"ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் சிரித்தார். வாஞ்சையான சிரிப்பு.

"இதுக்குத்தான்த்தா ஒன்னைய நம்புறது. வேற எவ இப்படிச் சொல்லுவா? நாளைக்கே ராசுவ அனுப்புறேன்."

நான் மேலே பேசுவதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ராசு வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் சாவி. நான் எழுந்து, "அண்ணே, வண்டிய விடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. மச்சான் எல்லாம் சொல்லிட்டாரு. நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்" என்று சாவியை நீட்டினார்.

கண்ணாடி அறைக்குள் ஆனந்த் சார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிரிக்காத சூட டப்பா மேஜையிலேயே இருந்தது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி சார்" என்று வாய் தானாகச் சொன்னது.